அப்பாவின் கைப்பக்குவம்

இரண்டாவது தட்டில் இன்னும் மூன்று பிறைகளுக்குக் கோடு போட வேண்டியிருந்தபோது, செவிலி மாடிப்படியில் பாதி இறங்கி வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் மேல வாங்க."

குரலில் அவசரம் இல்லை. அவசரம் இல்லாததாலேயே என்னவென்று மகளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாரமாக அந்தக் குரல் "அக்கா, வெந்நீர்", "அக்கா, ஒரு கை பிடிங்க" என்று படபடவென்றுதான் படியிறங்கி வரும்.

"இதோ வரேன்" என்றாள். ஆனால் உடனே போகவில்லை. கத்தி நுனியால் மிச்சமிருந்த மூன்றுக்கும் ஐந்தைந்து கோடு கீறி, தட்டைத் தூக்கி ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் கையைத் துடைத்தாள். அடுக்கு மாவு வெளியே கிடந்தால் வெண்ணெய் இளகிவிடும். இளகினால் அடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வெந்தபின் தடித்த ரொட்டியாக வந்து நிற்கும். அது ஒரு காரணம். படியேறிப் போய்ப் பார்க்காத வரைக்கும் அப்பா இருக்கிறார் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று பிறகு தன்னையே கேட்டுப் பார்த்தாள்.

பிறை என்பது அந்தக் கடையின் பண்டம். அடுக்கு மாவை வட்டமாக வெட்டி, சர்க்கரையில் வதக்கிய ஆப்பிளை உள்ளே வைத்துப் பாதியாக மடித்து, விளிம்பை அழுத்தி, மேலே சாய்வாக ஐந்து கோடு போட்டுச் சுடுவது. பாதி நிலா மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். மற்றக் கடைகளிலும் இதே சங்கதி வேறு பெயரில் கிடைக்கும். ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கிற ருசி நடையில் பிறைக்கென்று ஒரு மரியாதை உண்டு.

ருசி நடை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முப்பது பேர் சீட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு வழிகாட்டி அம்மாவின் பின்னால் ஐந்து பேக்கரிக்கு நடந்தே போவார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒரு பண்டம், ஒரு கதை. சீட்டுப் பணம் முழுவதும், படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்கிற செவிலியர் அமைப்புக்குப் போகும். கடைக்காரர்கள் பண்டத்தை இலவசமாகக் கொடுப்பார்கள். அப்பாவின் தலைமாட்டில் இப்போது நின்றுகொண்டிருந்த செவிலியும் அந்த அமைப்பிலிருந்து வந்தவள்தான். பதினோரு வருஷம் பிறை கொடுத்து அப்பா வளர்த்த அமைப்பு, கடைசியில் அவருக்கே வந்து முதுகு துடைத்துவிட்டது.

அப்பா கண்ணை மூடியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, யாரையோ பாதியில் கூப்பிட்டு நிறுத்தியது போல.

"எப்போ?"

"பத்து நிமிஷம் இருக்கும். தூக்கத்துலயே போயிட்டார்க்கா. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

"எதாவது சொன்னாரா?"

செவிலி கொஞ்சம் யோசித்தாள். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்திருக்கலாம். "இல்லக்கா" என்றாள்.

அப்பாவின் இரண்டு உள்ளங்கையிலும் சுருட்டிய துணி இருந்தது. விரல்கள் நாலு வருஷமாக மடங்கியே கிடந்தன. நகம் உள்ளங்கையில் குத்தாமல் இருக்கத்தான் அந்தத் துணி. மகள் ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். துணி போன பிறகும் விரல்கள் எதையோ பிடித்திருப்பது போலவே இருந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை. கையில் மாவு வாசம் இருக்கிறதே, இந்தக் கையோடா தொடுகிறோம் என்று மட்டும் தோன்றியது.

டாக்டர் வந்தார், பார்த்தார், எழுதிக் கொடுத்தார். பத்தரைக்கு வண்டி வரும் என்றார்கள். தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வேறு ஊரில் இருந்தான். வேறு ஊரில் இருப்பது அவனுக்கு எப்போதுமே சௌகரியமாக அமைந்துவிடும்.

"மூணு மணி ரயிலுக்கு வந்துடறேன்" என்றான். அழுதான். அழுது முடித்துவிட்டு, "கடையை மூடிட்டியா?" என்று கேட்டான். "அப்பா பிறை இல்லாம இனிமே அந்தக் கடைக்கு என்ன இருக்கு. வந்து பேசலாம், என்ன பண்றதுன்னு."

"இன்னிக்கு நடை இருக்கு."

"வேண்டாம்னு சொல்லிடு. யார் கேக்கப் போறாங்க?"

அவள் வழிகாட்டிக்குப் போன் போட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் போட்டாள். அந்த அம்மா ஓய்வுபெற்ற நூலகர். கூட்டம் தன்னைத் தவறவிடாமல் இருக்க ஒரு மஞ்சள் குடையை மடித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார் என்பதால் கடைக்காரர்களுக்கெல்லாம் அவர் குடையம்மா. விஷயத்தைக் கேட்டதும் குடையம்மா போனிலேயே விம்மினார்.

"எல்லாரும் வந்து சேர்ந்தாச்சும்மா. நாங்க உள்ள வரல. வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு கும்பிட்டுட்டுப் போயிடறோம்."

"வாங்க" என்றாள் மகள். "பிறை ரெடியா இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு, வெட்டி வைத்த மாவு நாளைக்குத் தாங்காது என்று செவிலியிடம் ஒரு சமாதானம் சொன்னாள். அது மாவைப் பொறுத்த வரைக்கும் உண்மை. தன்னைப் பொறுத்த வரைக்கும் உண்மை வேறு. அதைச் சொல்ல நாலு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டுத்தான் வந்தாள். பேருந்து நிலையத்தில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தோரு வருஷம் உட்கார்ந்த உத்தியோகம். விழுந்ததில் முறிந்த எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதோடு சேர்ந்து வந்த நடுக்கம் போகவில்லை. முதலில் விரல் நடுங்கியது, பிறகு மடங்கியது, பிறகு மடங்கியது மடங்கினபடியே நின்றது. பதினைந்து நாள் ஒரு மாதமாகி, ஒரு மாதம் ராஜினாமாவாகி, சின்ன வயதில் பார்த்துப் பார்த்துக் கைக்குத் தெரிந்திருந்த வேலையை நாற்பத்தெட்டு வயதில் அவள் மறுபடி கையிலெடுத்தாள். முதல் மூன்று வாரம் போட்டதெல்லாம் குப்பைக்குப் போனது. நாலாவது வாரம் அடுக்கு பிரிந்து வந்தது. கடிக்கும்போது அடுக்கு நொறுங்குகிற அந்தச் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவள் தனியாக நின்று சிரித்துக்கொண்டாள்.

அந்த வார இறுதியில் நடை வந்தது. அப்பா முன்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குடையம்மா வழக்கம்போல, "இது இவர் தன் கையாலயே செய்யறது" என்று ஆரம்பித்தார். அப்பா திருத்துவார் என்று தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்பா, "ஆமா, நாலு மணிக்கே எழுந்தாத்தான் ஆகும்" என்றார்.

போகட்டும், கிழவர் ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். அந்த ஒரு நாள் நாலு வருஷமாக நீண்டது. நடை வருகிற சனிக்கிழமைகளில் அப்பா வெள்ளை ஏப்ரன் கட்டிவிடச் சொல்வார். முன்னால் பெரிய பை வைத்த ஏப்ரன். இரண்டு கையையும் அந்தப் பைக்குள் விட்டுக்கொண்டால் விரல் வெளியே தெரியாது. "கொஞ்சம் மாவு தட்டிவிடு" என்பார். அவளும் ஒரு பிடி மாவை எடுத்து அவர் நெஞ்சில், தோளில் என்று தட்டிவிடுவாள். தன் வேலையைத் தானே இன்னொருவர் மேல் பூசிவிட்ட மாதிரிதான். ஆனாலும் தட்டிவிட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. தினமும் காலையில் அடுப்பிலிருந்து வந்த முதல் பிறையை அவர் முன்னால் கொண்டுபோய் வைப்பாள். மணிக்கட்டால் புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பார். முட்டியால் இரண்டு தட்டு தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு தள்ளி வைத்துவிடுவார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. தின்றதும் இல்லை. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் விடியுமுன் எழுந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. இன்று காலை "எதாவது சொன்னாரா" என்று செவிலியிடம் கேட்டதும் அதைத்தான்.

ஆகவே அவள் ஒன்று தீர்மானித்திருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது. அவருக்கு இனி வலிக்காது. தம்பி மூன்று மணிக்கு வந்து, அப்பா போனார், பிறை போனது, கடையை என்ன செய்யலாம் என்று ஆரம்பிப்பதற்குள், முப்பது பேர் காதில் விழும்படி ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அடுப்பைச் சூடாக்கினாள். முட்டையை அடித்துப் பிறைகளின் மேல் பூசினாள். அப்பா மாடியில் கிடக்க, கீழே ஆப்பிள் வாசமும் வெண்ணெய் வாசமும் எழுந்து படி வழியாக மேலே போயின. செவிலி ஜன்னலைத் திறந்து விட்ட சத்தம் கேட்டது.

பத்து மணிக்கு மஞ்சள் குடை தெருமுனையில் தெரிந்தது.

கூட்டம் சத்தமில்லாமல் வந்தது. விஷயம் அவர்களுக்குச் சொல்லப்பட்டுவிட்டது என்று நடையிலேயே தெரிந்தது. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். இரண்டாவது கடையில் கொடுத்த க்ரீம் ஒருவர் மீசையில் ஒட்டியிருந்தது. அவர் மனைவி அவரை இடித்துச் சைகை காட்டினாள். எல்லாரும் உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள், நாற்காலியைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டு. மகள் தட்டோடு அடுப்படிக் கதவருகே நின்றாள். எப்போதும் நிற்கிற இடம் அதுதான், கால் தானாக அங்கே போய்விட்டது.

குடையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். கதை சொல்வதில் கெட்டிக்காரர். கதையில் இனிப்பு குறைந்தால் தானே கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்.

"இந்த நாற்காலியிலதான் அவர் உட்கார்ந்திருப்பார். ஏப்ரன் பூரா மாவோட. பெரிய பேச்சு கிடையாது. நாலு மணிக்கு எழுந்தாத்தான் ஆகும்னு மட்டும் சொல்வார். மூணு வாரமா உடம்புக்கு முடியல, அப்பவும் விடல. இன்னிக்குக் காலையில போயிட்டார். ஆனா நமக்கு வர வேண்டியதை வெச்சுட்டுப் போயிருக்கார் பாருங்க. இது அவர் கையால கடைசியாச் செஞ்சது. மெதுவாச் சாப்பிடுங்க."

ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். கைகள் தட்டை நோக்கி நீண்டன. ஆளாளுக்கு ஒரு கையில் பிறை, இன்னொரு கையில் நடையின் துண்டுப் பிரசுரம். பிரசுரத்தில் அப்பா நன்றாக இருந்த காலத்தில் எடுத்த பிறையின் படம் இருந்தது. அதில் ஐந்து கோடும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். மகள் இடக்கைக்காரி. அவள் போடுகிற கோடு இடப்பக்கம் சாயும். முப்பது பேரும் ஒரு கையில் அதையும் ஒரு கையில் இதையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். யார் கண்ணிலும் படவில்லை. நாலு வருஷமாகவே படவில்லை.

"அம்மா" என்றாள் மகள். "இதை நான்தான் செஞ்சேன்."

எல்லாரும் திரும்பினார்கள். நாலு வருஷத்தில் அவர்கள் அவள் குரலைக் கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

குடையம்மாவின் முகம் அப்படியே குழைந்துபோனது. குடையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயா செஞ்ச? அப்பா மேல இப்படிக் கிடக்கும்போது, எங்களுக்காக நீ அடுப்பு முன்னாடி நின்னியா? எப்படிம்மா மனசு வந்தது உனக்கு?"

"இல்ல, இன்னிக்கு மட்டும் இல்ல."

"தெரியும்மா, தெரியாதா. அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கார். 'என் பொண்ணுதான் கூடமாட நின்னு வெண்ணெய் எடுத்துக் கொடுப்பா, தட்டு கழுவிக் கொடுப்பா, அவ இல்லன்னா எனக்குக் கை ஓடாது'ன்னு. உன்னைப் பத்திப் பேசினா அவர் முகமே வேற மாதிரி ஆயிடும்."

மகளுக்கு அடுத்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதானால் அவர் பொய் சொன்னார் என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் இல்லை, நாலு வருஷம் பொய் சொன்னார், நான்தான் அவர் நெஞ்சில் மாவு பூசிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இவர்கள் தலைக்கு மேலேதான் அவர் படுத்திருக்கிறார். நடுவில் ஒரு பலகைத் தரை. அவள் வாக்கியத்தை மென்று விழுங்கினாள்.

நடைக்குத் தவறாமல் வருகிற ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் உண்டு. நிலம் அளந்த பழக்கத்தில் எதையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். ருசியில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர் பிறையைத் தூக்கிப் பார்த்தார், கடித்தார், கண்ணை மூடி மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா அவர் செஞ்சதுல அடுக்கு இன்னும் மெலிசா இருக்கும். அது வாயில வெச்சாத் தானாப் பிரியும். இது கொஞ்சம் கை பதறியிருக்கு. உங்க நிலைமைக்கு இதுவே பெரிய விஷயம்மா. போகப் போகக் கை வந்துடும்."

சர்வேயர் நடைக்கு வர ஆரம்பித்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அப்பாவின் கையால் செய்த பிறையை அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தின்றதில்லை. அவர் சப்புக்கொட்டி, பாராட்டி, வீட்டுக்கும் இரண்டு கட்டிக்கொண்டு போனதெல்லாம் இவள் செய்தது. மகளுக்கு ஒரு கணம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் உதட்டைக் கடித்ததைப் பார்த்து, பக்கத்திலிருந்த பெண் அழுகையை அடக்குகிறாள் என்று எண்ணித் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

"ஆமாமா, லேசா வித்தியாசம் தெரியுது" என்றார் மீசையில் க்ரீம் வைத்திருந்தவர். அதற்குள் பாதி பிறையை ஒரே கடியில் விழுங்கியிருந்தார்.

பிறகு ஒவ்வொருவருக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. ஒருத்திக்கு ஆப்பிள் கொஞ்சம் புளித்தது. ஒருத்திக்கு வெண்ணெய் தூக்கலாக இருந்தது. எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். "பரவாயில்லம்மா" என்று சொல்லாதவர் ஒருவர் இல்லை.

கிளம்பும்போது குடையம்மா அவளைத் தனியே கதவோரம் அழைத்தார். "அடுத்த மாசத்துக்கு உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டோம். இந்தக் கடைக்குப் பதிலா வேற ஒண்ணு பார்த்துக்கறோம். நீ அவசரப்படாமப் பழகு. ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகட்டும். அப்புறம் நாங்க நாலு பேர் வந்து ருசி பார்த்துச் சொல்றோம். என்ன?"

"சரிம்மா."

"அப்பா பேரைக் காப்பாத்தணும் நீ."

"சரிம்மா."

வாசலில் எல்லாரும் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றார்கள். மஞ்சள் குடை உயர்ந்தது. கூட்டம் அதன் பின்னால் நகர்ந்து, மருந்துக் கடையைத் தாண்டி, திரும்பி மறைந்தது.

மகள் மாடிக்குப் போனாள். செவிலி அப்பாவின் தலையை வாரி, போர்வையைச் சரிசெய்துவிட்டு, தன் பைக்குள் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள், கடைசி மூன்று வாரம் தினமும் வந்தவள். இனி நாளைக்கு வேறு யார் வீட்டுக்கோ போவாள்.

"கேட்டுச்சுக்கா" என்றாள் செவிலி, நிமிராமல். "நீங்க இன்னும் சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே."

"ம்."

"உனக்குத் தெரியும்ல? யாரு செஞ்சதுன்னு."

"இந்தக் கையைத் தினமும் விரிச்சுத் தேய்ச்சு விட்டவ நானு. எனக்குத் தெரியாதா?" செவிலி பையின் ஜிப்பை இழுத்தாள். "வீட்டுக்குள்ள பார்த்ததை வெளியே பேசக் கூடாதுன்னு எங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவாங்க. இல்லன்னா நான் எப்பவோ சொல்லியிருப்பேன். என்கிட்டயே சொல்வாருக்கா. நான் விரலைப் பிடிச்சு நீட்டிட்டிருக்கும்போதே, 'இன்னிக்கு முப்பது போட்டேன் சிஸ்டர், இடுப்பு விட்டுப்போச்சு'ம்பார்."

"நீ என்ன சொல்வே?"

"நல்லா இருந்துச்சு ஐயா, அப்படிம்பேன்."

மகள் சிரித்துவிட்டாள். செவிலியும் சிரித்தாள். சிரிப்பு நின்றது. மகளுக்கு அப்பா மேல் கோபம் வந்தது. செத்துப்போய் மூன்று மணி நேரம்கூட ஆகாதவர் மேல் கோபப்படக் கூடாது என்று தெரிந்தும் வந்தது. செய்தவள் என்ற பேரை எனக்குக் கொடுக்காவிட்டால் போகட்டும், அதை எடுத்துக்கொண்டே போய்விட்டீர்களே என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. அதோடு, அந்தக் கூட்டத்தில் ஒருவருமே அவளுக்கு நெருக்கமானவர் இல்லை, அவளைத் தெரிந்தவரும் இல்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் இனிமேல் சண்டை போடக்கூட ஆள் இல்லை. அவள் அப்பாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கட்டில் எப்போதும் போல் கிரீச்சென்றது. அவர் "மெதுவா" என்று சொல்லவில்லை.

கீழே கடைக் கதவின் மணி அடித்தது.

"வண்டியா இருக்கும்" என்றாள் செவிலி.

வண்டி இல்லை. கனத்த உடம்புக்காரர் ஒருவர், அறுபது வயது இருக்கும், கைத்தடியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தார். கழுத்தில் நடையின் சீட்டு தொங்கியது.

"மூணாவது கடை இதுதானேங்க? முதல் கடையிலேயே நான் பின்தங்கிட்டேன். முட்டிவலி. அவங்க பாட்டுக்குப் போயிட்டே இருக்காங்க. இரண்டாவது கடையையும் விட்டுட்டேன்."

"இதுதான். அவங்க இப்பத்தான் கிளம்பினாங்க."

"முதல் தடவை வரேன். இவ்வளவு வேகமா நடப்பாங்கன்னு தெரியல." அவர் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. "அது என் பங்கா இருக்குமோ?"

அவள் ஒரு தாளில் வைத்துக் கொடுத்தாள். "உட்காருங்க" என்றாள். அவர் யோசிக்காமல் அப்பாவின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தடியைத் தொடைகளுக்கு நடுவே சாய்த்துக்கொண்டு கடித்தார். அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. அடுக்குகள் உடைந்து சட்டையில் விழுந்தன. பாதி தின்றதும் நிறுத்தி, கையிலிருந்ததை ஒரு தடவை பார்த்துவிட்டு மிச்சத்தையும் தின்றார். தாளில் கிடந்த துணுக்குகளை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். அவள் அடுப்படிக் கதவருகே நிற்காமல் அவருக்கு எதிரே நின்று, அவர் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு செய்யறது இது?"

"நான்தான்."

"எவ்வளவு நாளா?"

"நாலு வருஷமா."

பேருந்து எண்ணைச் சொன்னதுபோல் அவர் தலையாட்டிக்கொண்டார். "நல்லா இருக்கு" என்றார். பிறகு தடியை ஊன்றி எழுந்தார். "எந்தப் பக்கம் போனாங்க?"

அவள் அவரோடு வாசலுக்கு வந்து, நடைபாதையில் இறங்கிக் கையை நீட்டினாள். "எதிர்ப்பக்கம் போய், மருந்துக் கடை தாண்டினதும் திரும்புங்க. மஞ்சள் குடை தெரியும். அவசரமா நடக்காதீங்க. நாலாவது கடையில கொஞ்சம் நேரம் நிப்பாங்க."

"வரேம்மா."

அவர் தெருவில் இறங்கியபோது கறுப்பு வண்டி ஒன்று முனையில் திரும்பி மெதுவாக வந்தது. அவரைப் பார்த்து நின்றது. அவர் ஓட்டுநருக்குத் தடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த துணுக்குகளை மறு கையால் தட்டிக்கொண்டே நடந்தார். அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறி முடிக்கும்வரை வண்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது.